அந்த எட்டு பெட்டிக்குள்ளேயேதான் இருந்தது

ஆசை அண்ணா,

உங்களுக்கு வருஷம் திரும்பிவிட்டது. பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு நினைவஞ்சலி கொடுக்க வேண்டும் என்று அண்ணி சொன்னார். எல்லாரும் போடுகிற மாதிரிதான். ஒரு கட்டம், அதற்குள் மாலை போட்ட படம், கீழே எங்களைத் தவிக்க விட்டு எங்கே சென்றாயோ என்று நாலு வரி, அதற்கும் கீழே கண்ணீர் விடுகிறவர்களின் பெயர்கள். அந்த நாலு வரியைப் பத்திரிகைக்காரர்களே தயாராக வைத்திருக்கிறார்களாம். பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எங்கே சென்றீர்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தோட்டத்தை விட்டுக் கம்போங் ராஜாவுக்குப் போனீர்கள். அங்கிருந்து சுடுகாட்டுக்குப் போனீர்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது? அதனால் இந்த வருஷம் கட்டம் கிடையாது, கடிதம்தான். பத்திரிகையில் போட்டால் நாலு பேர் படிக்கட்டும். போடாவிட்டால் உங்கள் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிடுகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். காணாமல் போன எட்டு கிடைத்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. நீங்கள் ஈப்போவில் விற்றுத் தின்றதாகச் சொன்னார்களே, அதே எட்டுதான். ஒரு நாளும் அது அந்தப் பெட்டியை விட்டு வெளியே போனதே இல்லையாம்.

கேட்டதும் உங்களுக்கு எப்படி இருக்கிறது? எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கு எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, அது ஒரு வசதி.

நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேச ஆரம்பித்தாலே நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். இப்போது பார்க்க முடியாது.

நம் வீட்டில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடிந்தது. அது நீங்கள். மலைக்குக் கீழே தாப்பாவில் தங்கிப் பள்ளிப் படிப்பை ஐந்தாம் பாரம் வரை முடித்தீர்கள். நான் தோட்டப் பள்ளியில் ஆறாவதோடு நின்றுவிட்டுத் தேயிலைக் காட்டுக்குப் போனேன். நீங்கள் நம் தோட்டத்துக்கே கணக்கெழுதும் கிராணியாகத் திரும்பி வந்தபோது அம்மா தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போய்ச் சர்க்கரை கொடுத்தார். மறுநாள் காலையில் நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நிறுவைக்கு வரும்போது அண்ணா என்று கூப்பிடாதே, ஐயா என்று சொல் என்றீர்கள். சொன்னேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

நிறுவை என்றால் வேறொன்றும் இல்லை. நாங்கள் வெட்டிய இலையைக் கூடையோடு சுமந்து ரோட்டோரம் வருவோம். அங்கே மூன்று கம்பு நட்டுத் தராசு தொங்கும். கிராணி முள்ளைப் பார்ப்பார். கூடையின் எடைக்குக் கொஞ்சம் கழிப்பார். இலையில் இருக்கும் ஈரத்துக்குக் கொஞ்சம் கழிப்பார். மிச்சத்தைப் பேருக்கு நேரே எழுதுவார். இதற்குக் கழிவு என்று பெயர். கூடைக்கு எடை உண்டு, அதில் யாருக்கும் சண்டையில்லை. ஈரத்துக்கு அளவு என்ன? கிராணியின் வாய்தான் அளவு. நம் மலையில் பனி இறங்காத காலை ஏது?

நீங்கள் மற்ற கிராணிகளைவிட ஒரு கிலோ கூடவே கழித்தீர்கள். வெயில் அடித்த நாளிலும் ஈரம் என்றீர்கள். அந்த இலை தொழிற்சாலைக்குப் போய் மறுபடி எடை போடும்போது உங்கள் கணக்கைவிடக் கூடுதலாக நிற்கும். நின்றால் தோட்டத்தை நடத்துகிற துரைக்குச் சந்தோஷம். கோவிந்தன் கையில் ஒரு இலை சிந்தாது என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்வாராம். அந்த ஒரு கிலோவில் ஒரு பிடிகூட உங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, அதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். துரை வாயால் நல்ல பேர் வாங்க வேண்டும், அவ்வளவுதான் உங்கள் ஆசை.

என் கூடைக்கு மட்டும் இன்னும் அரை கிலோ சேர்த்துக் கழிப்பீர்கள். தங்கச்சிக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். வீட்டில் வந்து கேட்டால், ஊர் பார்க்கிறது தனம், உனக்குத் தெரியாது என்பீர்கள். ஊர் பார்த்தது நிஜம். ஆனால் நீங்கள் நினைத்த மாதிரி பார்க்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எண்பதுகள் முடியப்போகிற நேரத்தில் அந்தப் பெட்டி வந்தது. மூடினால் சூட்கேஸ், திறந்தால் கம்ப்யூட்டர். மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் காரில் தூக்கிக்கொண்டு போகலாம், மாதக் கடைசியில் கோலாலம்பூருக்கும் கொண்டுபோய்க் காட்டலாம் என்று துரை வாங்கினார். அதைப் படித்துக்கொண்டு வர உங்களைத்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்றைக்கு உங்கள் நடையே வேறு. பனி பட்டுக் கெட்டுவிடுமென்று அண்ணியை விட்டுக் கம்பளியில் அதற்கு ஒரு உறை தைக்கச் சொன்னீர்கள். உங்கள் மகள் மாலாவுக்கு அந்த வருஷம் ஸ்வெட்டர் இல்லை.

பெட்டி வந்த அட்டையின் மேல் நாற்பது என்று போட்டிருந்தது. எவ்வளவு விஷயத்தை உள்ளே எழுதி வைத்துக்கொள்ளும் என்பதற்கு அளவாம் அது, மெகாபைட் என்பார்களாம். நீங்கள் முதல் நாள் திறந்து பார்த்தபோது அது முப்பத்திரண்டு என்றுதான் காட்டியது. பார்த்தீர்கள். பார்த்துவிட்டு ஆபீஸில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

“அவனுங்களும் கழிவு போடுறானுங்க.”

உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான் அண்ணா. தானா ராத்தா டவுனில் முஸ்லிம்காரர்கள் நடத்தும் மாமாக் கடையில் ரொட்டி கொஞ்சம் சின்னதாக இருந்தால் நீங்கள் தட்டைத் திருப்பிக் கொடுப்பீர்கள். நாற்பது என்று சொல்லி விற்றதில் எட்டு இல்லை, அதற்கு மட்டும் ஏன் பேசாமல் இருந்தீர்கள்? அந்தச் சாமானைச் செய்தவன் உங்களைவிடப் பெரிய கிராணி, அவன் கழித்தால் அதற்கு நியாயம் இருக்கும் என்றுதானே நினைத்தீர்கள்? உலகத்தில் எதை நிறுத்தாலும் அதில் ஒரு பங்கு கழிவு போகத்தான் செய்யும் என்று நீங்கள் மனசார நம்பினீர்கள். வருஷக்கணக்காகத் தராசுக்குப் பக்கத்தில் நின்றவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

பிறகு பனியில் அதன் எழுத்துக்கட்டைகள் ஒட்டிக்கொண்டன. அழுத்தினால் மேலே வராது. நீங்கள்தான் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தாப்பா இறங்கி, ஈப்போ வரைக்கும் போய் ரிப்பேர் கடையில் கொடுத்தீர்கள். அடுத்த வாரம் போய் நீங்களே தூக்கி வந்தீர்கள். கூட யாரும் வரவில்லை. அம்மா தவறிப்போனபோதுகூட நீங்கள் அத்தனை பத்திரமாக எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை.

சில மாதம் கழித்துத் தலைமை ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். கணக்குக்குப் புதிய புரோகிராம் ஒன்றை அதில் ஏற்ற வேண்டுமாம். ஏற்றினால் இடமில்லை என்று பெட்டி சொன்னது. நாற்பதில் எப்படி இடமில்லாமல் போகும் என்று அவர் உள்ளே எண்ணிப் பார்த்தார். எட்டைக் காணோம். துரையைக் கூப்பிட்டார். துரை உங்களைக் கூப்பிட்டார்.

அங்கே பேசியதை நீங்கள் என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. எட்டு எங்கே என்று துரை கேட்டார். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னீர்கள்.

“கழிவா இருக்கும் தொரை. மொதல்லயே அப்படித்தான் இருந்துச்சி.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரனைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என்னைச் சந்தேகப்படுகிறீர்களா என்று கோபப்பட்டிருக்கலாம், அது உங்களுக்கு வராது. முதலிலேயே தெரியும் என்று சொன்னீர்கள். தெரிந்தும் இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்றார் துரை. வந்தவர் துரையின் காதில், உள்ளே இருக்கிற பெரியதைக் கழற்றி விற்றுவிட்டுச் சின்னதை மாட்டிக் கொண்டுவருவது ஈப்போ பக்கம் நடப்பதுதான் என்றார். ஈப்போவுக்குத் தனியாகப் போனவர் யார்? அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

துரைக்கு நல்ல மனசு என்று அப்போதும் சொன்னீர்கள். போலீசுக்குப் போகவில்லையாம். வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார். வேலை போனால் கிராணி வீடும் போகும் என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். மாதம் முடிவதற்குள் காலி பண்ணச் சொன்னார்கள். காய்கறி லோரி ஒன்றில் சாமான்களை ஏற்றினோம். அண்ணி தைத்த கம்பளி உறையைக்கூட ஆபீஸ் பொருள் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

லோரி லயத்தைத் தாண்டும்போது பிள்ளைகள் எட்டு, எட்டு என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடின. பெரியவர்கள் யாரும் அதட்டவில்லை. என்னோடு ஒரே வரிசையில் இலை வெட்டுகிற பெண்கள் வாசலில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். படித்த வீட்டின் மேல் இருந்த வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர்கள் எல்லாரையும் சபித்தேன். பள்ளிக்கூட பஸ்ஸில் மாலாவுக்கு எட்டுக் கிராணி மகள் என்றே பேர் விழுந்துவிட்டது. அப்புறம் அது சுருங்கி எட்டு என்று ஆகிவிட்டது.

கம்போங் ராஜாவில் தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவரின் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் கட்டுகிற வேலை கிடைத்தது. உங்கள் கை அதற்கு ஆகவில்லை, வெடித்து ரத்தம் வந்தது. நான் பார்க்க வந்தபோது மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு வேடிக்கை சொன்னீர்கள். இங்கேயும் கழிவு உண்டு தனம், வெளி இலையை உரித்துப் போட்டுவிட்டுத்தான் எடை போடுகிறார்கள் என்று. சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். எங்களுக்கு எப்படி இருந்தது என்று இப்போதாவது தெரிகிறதா என்று கேட்க நினைத்தேன். உங்கள் கையைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் லோரிக்குக் கூடையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தீர்களாம். பிறகு எழுந்திருக்கவில்லை. லோரி சாயங்காலத்துக்குள் மலையை விட்டு இறங்க வேண்டும். உங்களைச் சாக்கின் மேல் படுக்க வைத்துவிட்டு மிச்சக் கூடைகளை ஏற்றி அனுப்பிய பிறகுதான் அண்ணிக்கு ஆள் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? காய் வாடிவிடும். நீங்கள் அதற்கு மேல் வாடப்போவதில்லை.

சாவுக்குத் தோட்டத்திலிருந்து வந்தவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். துரை மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதில் உங்கள் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

அதோடு விட்டாரா? அந்தப் பொம்பளை பாவம் என்று என் மேல் இரக்கப்பட்டு ஆபீஸ் கூட்டுகிற வேலையைக் கொடுத்தார். முட்டி வலியில் இனி மேட்டில் ஏற முடியாது என்றிருந்த நேரம், வாங்கிக்கொண்டேன். உங்களைத் திருடன் என்று சொன்ன மேஜையைத் தினமும் காலையில் நான்தான் துடைக்கிறேன். அந்தப் பெட்டியையும் துடைக்கிறேன். அண்ணி தைத்த உறை இன்னும் அதன் மேல்தான் இருக்கிறது.

போன மாதம் புதுக் கிராணி பெட்டியில் இடம் போதவில்லை என்று முணுமுணுத்தார். பெரியதாக வேறொன்று வாங்கிவிடலாம் என்று துரை ஈப்போவில் ஒரு கடைக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு சீனர் வந்தார். நடுத்தர வயசு, கண்ணாடி, தொப்பை. பெட்டியைத் திறந்து என்னவோ தட்டினார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

எனக்குத் தெரிந்த மலாயில் என்ன என்று கேட்டேன். வேறு யாரும் இல்லாததால் அவர் எனக்கே விளக்கினார். இந்தப் பெட்டியை எழுப்பி ஓட்டுகிற புரோகிராம் பழசு. ஒரு அறையில் முப்பத்திரண்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. நாற்பது இருந்தால் நடுவில் ஒரு தடுப்புப் போட்டு இரண்டு அறையாகப் பிரித்து, மிச்ச எட்டுக்குத் தனியாக ஒரு வாசல் வைத்துக் கொடுக்க வேண்டும். விற்றவன் வாசல் வைக்க மறந்துவிட்டான். இந்த மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார்.

அப்படியென்றால் எட்டு எங்கே என்று கேட்டேன்.

“அடா, காக்கா. செமுவா அடா.” இருக்கு அக்கா, எல்லாம் இங்கேயே இருக்கு என்றார்.

இன்னும் ஏதோ தட்டினார். பெட்டி கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று பதில் கொடுத்தார். அணைத்து மறுபடி போட்டார். திரையில் புதிதாக ஒரு எழுத்து வந்தது, பக்கத்தில் எட்டு வந்தது. அவர் காப்பி இன்னும் ஆறவில்லை. உங்கள் வேலை, வீடு, பேர், உயிர் எல்லாவற்றையும் தின்ற எட்டு அதுதான் அண்ணா. முழுக்கக் காலியாக இருந்தது. உள்ளே ஒரு எழுத்துக்கூட இல்லை.

துரை வந்தார், பார்த்தார். நல்லதாய்ப் போயிற்று, புதுசு வாங்க வேண்டியதில்லை என்றார். சீனரின் கையைக் குலுக்கினார். இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னார். நான் நகரவில்லை. சீனர் கிளம்பிப் போகும் வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கேட்டேன்.

“தொரை, அப்ப எங்கண்ணன் எடுக்கல?”

“எடுக்கல லா. இங்கதானே இருக்கு,” என்றார், என்னவோ சாவியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. நான் இன்னும் நிற்பதைப் பார்த்துவிட்டு மேலும் சொன்னார். “அவன் வாயாலதான் அவன் கெட்டான், தனம். தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன்.”

அதைத்தானே நானும் உங்களை நினைத்துத் தினம் திட்டிக்கொண்டிருந்தேன்? அதே வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தபோது அந்தத் தட்டாலேயே அவரை அடிக்கலாம் போலிருந்தது.

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில், எல்லாருக்கும் முன்னால், கோவிந்தன் எடுக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள் தொரை என்று கேட்டேன். வீடு கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளை எட்டு என்ற பேரோடு இந்த ஊரில் வளர வேண்டாம், அதற்காகக் கேட்டேன். அவர் யோசித்தார். சொன்னால் யூனியன்காரர்கள் கிளம்பி வருவார்கள், தலைமை ஆபீஸில் கேள்வி கேட்பார்கள், போனவனுக்கு இதனால் என்ன ஆகப்போகிறது என்றார். கோயிலில் அவன் பேரில் ஒரு அர்ச்சனை செய்துவிடு என்றார்.

அந்த எட்டில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? முன்பு இடமில்லை என்று திரும்பிப் போனதே, அந்தப் புரோகிராமை ஏற்றிவிட்டார்கள். புதுக் கிராணி முள்ளில் நிற்கிற எடையை மட்டும் எழுதிக்கொண்டு வந்து தட்டினால் போதும். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று பெட்டியே கழித்துக்கொள்கிறது. ஈரத்துக்கு எவ்வளவு என்று புரோகிராமை ஏற்றியவர்கள் கேட்டதற்கு ஆபீஸில் உங்கள் அளவைத்தான் கொடுத்திருக்கிறார்கள். தொழிற்சாலைக் கணக்கோடு அதுதான் நன்றாக ஒத்துப்போகிறதாம்.

துரை சொல்லாவிட்டால் எனக்கு வாய் இல்லையா என்று மறுநாள் நானே நிறுவைக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். புதுக் கிராணி இன்னும் வரவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். வாசல் வைக்க மறந்த கதையைச் சொன்னேன், சீனர் சிரித்ததைச் சொன்னேன், எங்கண்ணன் எதையும் எடுக்கவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். இனி யாராவது என் அண்ணன் மகளை எட்டு என்று கூப்பிட்டால் நாக்கை அறுப்பேன் என்றும் சொன்னேன்.

வரிசையில் முன்னால் நின்ற செல்லம்மா அக்கா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். புருஷன் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பகலெல்லாம் வெட்டி நிரப்பிய கூடையைக் கொண்டு வந்தார். நல்ல வெயில். அன்றைக்கும் ஈரம் என்று கழித்தீர்கள். அவர் உங்கள் காலைப் பிடித்தார், நீங்கள் அடுத்த கூடையைக் கூப்பிட்டீர்கள். நானும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தேன்.

“சரி தனம்,” என்றார் அவர். “அந்த எட்ட ஒங்கண்ணன் எடுக்கல. நம்புறேன். எங்க கூடையில எடுத்தது?”

குரலில் கோபம் இல்லை. விலை கேட்கிற மாதிரிக் கேட்டார். பின்னால் யாரோ, “அத எந்தச் சீனன் வந்து தேடிக் குடுப்பான்?” என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். லோரிக்குப் பின்னால் பிள்ளைகள் கத்தியபோது வாசலில் நின்று சிரித்தார்களே, அதே சிரிப்புதான். அது வயிற்றெரிச்சல் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். துரையின் உத்தரவு என்று சொல்லவா? துரை ஈரத்துக்கு ஒரு கிலோதான் கேட்டார், இன்னொரு கிலோவை நீங்களாகப் போட்டீர்கள். உங்களுக்கு என்று எடுக்கவில்லை என்று சொல்லவா? இழந்தவளுக்கு அது யாரிடம் போனால் என்ன? என் கூடையிலும்தான் கழித்தார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அது உங்களுக்குச் சாதகமாகாது, அவர்கள் பக்கம் இன்னொரு சாட்சியாகத்தான் ஆகும். கிராணி வந்துவிட்டார். செல்லம்மா அக்கா கூடையைத் தூக்கித் தராசில் மாட்டினார். நான் ஆபீசுக்குத் திரும்பி வந்து கோப்பைகளைக் கழுவினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கம்போங் ராஜாவுக்குப் போனேன். எட்டு கிடைத்த கதையைக் கேட்டு அண்ணி உங்கள் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். மாலா அழவில்லை. வளர்ந்துவிட்டாள், உங்கள் மூக்கு. அவளைக் கடைக்கு அழைத்துப் போனபோது வழியில் நின்று என்னைக் கேட்டாள். “அத்தே, அப்பா திருடலதானே? எதையும் திருடலதானே?”

எட்டைத் திருடவில்லை என்று உடனே சொன்னேன். கேள்வியில் பாதிக்குத்தான் பதில் சொன்னேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் மகள் ஆயிற்றே, கொடுத்ததில் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கத் தெரியாமல் இருக்குமா? மிச்சம் என்ன அத்தே என்று கேட்டாள். அடுத்த தடவை வரும்போது சொல்கிறேன் என்றேன்.

உங்களைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது கேட்க ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. நீங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள். ஊர் பார்க்கிறது தனம் என்பீர்கள்.

என் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணா. கோவிந்தன் அந்த எட்டைத் திருடினான் என்று இந்த மலையில் எவன் சொன்னாலும், அவன் துரையாகவே இருந்தாலும், மூஞ்சிக்கு நேரே பொய் என்று சொல்வேன். நான் சாகிற வரைக்கும் சொல்வேன். செல்லம்மா அக்காவின் வெயில் நாள் கூடையைப் பற்றியும் மாலாவிடம் சொல்வேன், அவர் உங்கள் காலைப் பிடித்ததையும் சேர்த்து. அதிலிருந்து உங்களுக்காக ஒரு சொல்லைக்கூடக் கழிக்க மாட்டேன்.

உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த,
தங்கச்சி தனலெட்சுமி